ஆறு நாடு ஓடி நான்காவது வந்தால் அது என்ன போட்டி? (வளைகுடா, அரபு விளையாட்டுப் போட்டிகள் பற்றி)

குவைத்குருவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஒரு கேள்வி.

2022 மே மாதம் இங்கே குவைத்தில் ஜிசிசி (வளைகுடா ஒத்துழைப்பு மன்றம்) விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. சாலையெல்லாம் பதாகை, வானொலியில் விளம்பரம். மே 13ஆம் தேதி அமீரக அதிபர் ஷேக் கலீஃபா காலமானதால் தொடக்க விழா சில நாள் தள்ளிப்போனது. கடைசியில் பதக்கப் பட்டியலில் முதலிடம் குவைத்துக்கே. அலுவலகத்தில் குவைத்தி சகாக்கள் இனிப்பு கொடுத்தார்கள்.

நானும் சாப்பிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இருப்பதே ஆறு நாடு: குவைத், சவூதி, பஹ்ரைன், கத்தார், அமீரகம், ஓமன். நாட்டுக்கு ஒருவர் இறங்கும் பிரிவில் பாதிப் பேர் பதக்கத்தோடுதான் வீட்டுக்குப் போவார்கள். இதைவிட எங்கள் ஊர் பொங்கல் விளையாட்டு விழாவில் போட்டி அதிகம். 2011இல் பஹ்ரைன், 2015இல் தம்மாம், 2022இல் குவைத் என்று நினைத்தபோதுதான் நடத்துகிறார்கள். இது உண்மையான போட்டியா, இல்லை ஷேக்குகள் கை குலுக்கிக்கொள்ள ஒரு மேடையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

டீக்கடைபெஞ்ச் எழுதியது:

குவைத் பத்து தடவை ஜெயித்தது இதில்தானே? என் அறை நண்பர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

---

மேப்பைத்தியம் எழுதியது:

இல்லை அண்ணே, அது கால்பந்து. மூன்றையும் எல்லோரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

உங்கள் நண்பர் சொல்வது வளைகுடா கோப்பை. அரபியில் கலீஜி என்பார்கள். 1970இல் பஹ்ரைனில் நான்கே அணிகளோடு தொடங்கியது. குவைத்தான் முதல் சாம்பியன். முதல் நான்கு கோப்பையும் அவர்களுக்கே. பத்தாவது கோப்பை 2010இல் ஏமனின் ஏடன் நகரில் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இதில் ஈராக்கும் ஏமனும் உண்டு.

குருவி சொல்வது ஜிசிசி கேம்ஸ். பல விளையாட்டு, ஆறு நாடு மட்டும். ஆக இளையது.

மூன்றாவது அரபு விளையாட்டுப் போட்டிகள். மூன்றிலும் மூத்தது அதுதான். மொராக்கோவிலிருந்து ஓமன் வரை எல்லோருக்கும் இடம் உண்டு. 1953இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தொடங்கியது.

---

பழையஸ்பைக் எழுதியது:

குருவி, நீங்கள் ஓடியவர் இல்லை என்று நினைக்கிறேன். கோபப்படாதீர்கள்.

நான் மாவட்ட அளவில் 400 மீட்டர் ஓடியவன். அதற்கு மேல் போகவில்லை. தேசியப் போட்டிக்குப் போனால் ஹீட்ஸிலேயே கதை முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும், என் பயிற்சியாளருக்கும் தெரியும். ஆனால் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவில் மண்டலப் போட்டி என்று ஒன்று இருந்ததே, அதற்காகத்தான் காலை நாலரை மணிக்கு எழுந்தேன். எட்டிப் பிடிக்கும் உயரத்தில் ஒரு படி இருந்தால்தான் ஏறத் தோன்றும்.

கத்தாரில் முதாஸ் பர்ஷிம் இருக்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 2.37 மீட்டர் தாண்டி, இத்தாலிக்காரர் தம்பேரியோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டவர். அவருக்கு ஜிசிசி கேம்ஸ் தேவையில்லை. ஆனால் அதே கத்தாரில் 2.05 தாண்டும் பையன் ஒருவன் இருப்பான் இல்லையா? ஆசியப் போட்டிக்கு அவனை எடுக்க மாட்டார்கள். அவன் நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டு மைதானத்தில் இறங்க இருக்கும் வழி இது ஒன்றுதான்.

ஆறு பேர் ஓடினாலும் ஸ்டார்ட்டர் துப்பாக்கிச் சத்தம் ஒன்றுதான். அந்த வயிற்றுக் கலக்கமும் ஒன்றுதான்.

---

சம்மர்வெயில் எழுதியது:

ஸ்பைக் அண்ணன் சொல்வது வீரர் பக்கம். அரசியல் பக்கமும் இருக்கிறது. நான் பதினெட்டு வருடம் பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் இருந்தவன், பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்தப் போட்டிகளை நான் தெர்மாமீட்டர் என்றுதான் சொல்வேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்தாலே அந்த வருடம் வளைகுடாவில் எத்தனை டிகிரி காய்ச்சல் என்று தெரிந்துவிடும்.

1990ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வளைகுடா கோப்பை குவைத்தில். சின்னமாகக் குதிரைகளை வைத்தார்கள். அது 1920இல் நடந்த ஜஹ்ரா சண்டையை நினைவூட்டுகிறது என்று சவூதிக்குக் கோபம். அந்தச் சண்டையில் குவைத்தோடு மோதியது இன்றைய சவூதியின் நஜ்து பக்கத்து இக்வான் படை. எழுபது வருடத்துக்கு முந்தைய சண்டைக்காக சவூதி அணி வரவே இல்லை. ஈராக் வந்தது, நடுவர் சரியில்லை என்று பாதியில் கிளம்பிப் போனது. அது மார்ச் மாதம். ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் டாங்கிகள் குவைத்துக்குள் வந்தன. நடுவரால்தான் போர் வந்தது என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

2017 ஜூனில் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்தன. அந்த டிசம்பரில் வளைகுடா கோப்பை கத்தாரில் நடக்க வேண்டியது. மூன்று நாடு வர முடியாது என்றதும் குவைத்துக்கு மாற்றினார்கள். குவைத் மீது ஃபிஃபா போட்டிருந்த தடை அப்போதுதான், அந்த மாதமே, நீங்கியிருந்தது. இரண்டு வாரத்தில் எல்லா ஏற்பாடும் செய்தார்கள். அதை மட்டும் பாராட்ட வேண்டும்.

2019இல் மறுபடி தோஹா. முதலில் மூன்று நாடும் பட்டியலில் இல்லை. கடைசி நேரத்தில் வருகிறோம் என்றார்கள், அட்டவணையையே மாற்றிப் போட்டார்கள். அப்போதே எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் "சமாதானம் வரப்போகுது பார்" என்றார்கள். 2021 ஜனவரியில் சவூதியின் அல் உலாவில் சமாதானம் கையெழுத்தானது. அந்தக் கோப்பையை ஜெயித்தது யார் தெரியுமா? பஹ்ரைன்! முதல் தடவை. இறுதியில் சவூதியை 1–0. அன்று ராத்திரி மனாமாவில் யாரும் தூங்கவில்லை, நானும்தான்.

---

குவைத்குருவி எழுதியது:

சம்மர் அண்ணே, நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்? மேடைதான் என்று.

---

சம்மர்வெயில் எழுதியது:

பாதி ஒப்புக்கொள்கிறேன். மேடை என்றால் நாடகம் என்று பொருள் இல்லையே.

முதல் ஜிசிசி கேம்ஸ் நடந்த சமயத்தைப் பாருங்கள். 2011 அக்டோபர், பஹ்ரைன். அந்த வருடம் பிப்ரவரியில் மனாமாவின் முத்து ரவுண்டானாவில் அரசை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். மார்ச்சில் சவூதியையும் பஹ்ரைனையும் இணைக்கும் பாலம் வழியாக சவூதிப் படை வந்தது. ஃபார்முலா ஒன் பந்தயம் ரத்தானது. ரவுண்டானா நடுவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கும், ஆறு பாய்மரம் சேர்ந்து ஒரு முத்தைத் தாங்குவது போல. 1982இல் ஜிசிசி மாநாட்டுக்காகக் கட்டியது, ஆறு பாய்மரம் ஆறு நாட்டைக் குறிக்கும். அதை மார்ச் 18ஆம் தேதி இடித்துத் தள்ளினார்கள். ஏழு மாதம் கழித்து அதே ஊரில் அதே ஆறு நாட்டுக் கொடியோடு அணிவகுப்பு.

அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போவேன். பாய்மரம் இருந்த இடத்தில் சிக்னல் வந்துவிட்டது. போட்டிகளைப் பார்க்கப் போகவில்லை, மனம் வரவில்லை.

---

வடமராட்சி எழுதியது:

சம்மர் அண்ணை, வாசிக்கவே ஒரு மாதிரிக் கிடக்கு.

நான் கொழும்பிலே 2006 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் பாத்தனான். ஊரிலே யுத்தம் திரும்பத் தொடங்கின ஆகஸ்ட் மாசம் அது. நாங்கள் சுகததாச மைதானத்திலே ஓட்டம் பாத்துக்கொண்டிருந்தம். அதனாலே உங்கட தெர்மாமீட்டர் கதையோட எனக்கு ஒரு சின்னப் பிரச்சினை. மைதானத்திலே காய்ச்சல் தெரியாமலே இருக்கும் சில வேளை.

மற்றது, குருவி அரபுக்காரரைப் பாத்துச் சிரிக்கிறார். எங்கட பக்கம் என்ன வாழுதாம்? 2019இலே நேபாளத்திலே நடந்தது. அடுத்தது பாகிஸ்தான் முறை. அது தள்ளித் தள்ளிப் போகுது. அவையள் சண்டை பிடிச்சாலும் திரும்பக் கூடி விளையாடுகினம்.

---

மேப்பைத்தியம் எழுதியது:

அரபு விளையாட்டுப் போட்டிகளின் வரலாற்றைச் சேர்த்துப் பார்த்தால் வடமராட்சி சொல்வது இன்னும் புரியும்.

யோசனையை 1947இல் முன்வைத்தவர் அரபு லீக்கின் முதல் பொதுச் செயலாளர் அப்துல் ரஹ்மான் அஸ்ஸாம். ஆறு வருடம் கழித்துத்தான் நடந்தது. 1953 ஜூலை 26 அன்று தொடக்க விழா. சரியாக ஒரு வருடத்துக்கு முன் அதே ஜூலை 26ஆம் தேதி, அதே அலெக்சாந்திரியாவிலிருந்துதான் ஃபாரூக் மன்னர் முடி துறந்து கப்பலேறினார்.

பாலஸ்தீனம் அந்த முதல் போட்டியிலேயே கலந்துகொண்டது. ஒலிம்பிக்கில் அவர்கள் முதலில் அணிவகுத்தது 1996இல் அட்லாண்டாவில். நாற்பத்து மூன்று வருட இடைவெளி. குவைத்தும் 1953இல் வந்தது. அப்போது அது சுதந்திர நாடுகூட இல்லை, 1961வரை பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது. உலகம் நாடு என்று ஏற்பதற்கு முன்னால் கொடியோடு நடக்க ஓர் இடம் கொடுத்தது இந்த "சின்ன" போட்டிதான். குருவி கேள்விக்கு என் பதில் இதுவே.

இரண்டாவது 1957, பெய்ரூட். அதற்காகக் கட்டியதுதான் கமீல் ஷமூன் விளையாட்டு நகரம். 1982 இஸ்ரேலியப் படையெடுப்பில் குண்டு விழுந்து நொறுங்கியது. 1997இல் பெய்ரூட்டுக்கு மறுபடி வாய்ப்பு கிடைத்தபோது அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து ஏழே வருடம். அந்தப் போட்டியில் யார் எத்தனை தங்கம் வென்றார்கள் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. மைதானம் எழுந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இடைவெளிகளும் பேசும். 1965 கெய்ரோவுக்குப் பிறகு அடுத்தது 1976 டமாஸ்கஸ். நடுவில் 1967 போரும் 1973 போரும். 2011 தோஹாவுக்குப் பிறகு அடுத்தது 2023 ஜூலையில் அல்ஜீரியா. பன்னிரண்டு வருடம்! நடுவில் சிரியா, லிபியா, ஏமன் எல்லாம் என்ன ஆயின என்று சொல்ல வேண்டியதில்லை.

---

ரியாத்ரோஜா எழுதியது:

ஆண்கள் எல்லாம் பேசி முடித்தாயிற்றா?

நான் இங்கே செவிலியர். 2009இலிருந்து ரியாத். பெண்கள் பக்கம் யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூத்த அரபுப் போட்டியில் பெண்கள் வந்ததே 1985இல், ரபாத்தில். தொடங்கி முப்பத்திரண்டு வருடம் கழித்து. அதற்கு முந்தைய வருடம்தான் மொராக்கோவின் நவால் எல் முதவக்கில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கியிருந்தார். இதற்கு மேலும் எப்படி வீட்டிலேயே இரு என்று சொல்வது?

வளைகுடாவில் இன்னும் தாமதம். ஆண்களுக்கு ஜிசிசி கேம்ஸ், பெண்களுக்குத் தனியாக ஒரு போட்டி என்று பிரித்தே வைத்திருந்தார்கள். 2015இல் தம்மாமில் நடந்தபோது எங்கள் மருத்துவமனைக்கு ஒரு நூறு போஸ்டர் வந்திருக்கும், ஒன்றில்கூடப் பெண் முகம் இல்லை. அன்று இங்கே பெண்கள் மைதானத்துக்குள் பார்க்கக்கூடப் போக முடியாது. 2018 ஜனவரியில்தான் ஜித்தாவில் கால்பந்து பார்க்க அனுமதித்தார்கள். 2022 குவைத்தில் பெண்களும் அதே ஜிசிசி கேம்ஸில் இறங்கினார்கள், முதல் முறையாக.

2012 லண்டனில் சவூதி முதல் தடவை இரண்டு பெண்களை அனுப்பியது. ஜூடோவில் வுஜ்தான் ஷஹர்கானி ஒன்றரை நிமிடத்துக்குள் தோற்றார். 800 மீட்டரில் சாரா அத்தார் கடைசியாக வந்தார், மைதானமே எழுந்து நின்றது. சரி, அது நல்ல கதை. ஆனால் உலகமே பார்க்கும் இடத்தில் போய்த் தோற்பதுதான் ஒரு பெண்ணின் முதல் அனுபவமாக இருக்க வேண்டுமா? முதலில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஓடித் தோற்க ஓர் இடம் வேண்டாமா? குருவி கேலி செய்யும் "ஆறு நாட்டுப் போட்டி" அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான்.

---

டீக்கடைபெஞ்ச் எழுதியது:

அக்கா சொன்னது சரி. ஆனால் ஓடுகிறவர்கள் யார்? பஹ்ரைன் சார்பில் ஓடுகிறவர்களில் பாதி கென்யா, எத்தியோப்பியா. காசு கொடுத்து வாங்கிய பதக்கம். இதில் எங்கே பக்கத்து வீட்டுப் பெண்?

---

பழையஸ்பைக் எழுதியது:

வந்துவிட்டது. இந்தத் தலைப்பில் எப்போதும் இது வரும்.

உண்மைதான், மறுக்கவில்லை. ரூத் ஜெபெட் ரியோவில் பஹ்ரைனுக்கு ஸ்டீபிள்சேஸ் (தடையும் தண்ணீரும் தாண்டும் ஓட்டம்) தங்கம் வாங்கினார், பிறந்தது கென்யா. பாரிஸில் அதே ஓட்டத்தில் வின்ஃப்ரெட் யாவி, அவரும் கென்யா. கத்தாரின் சைஃப் சயீத் ஷாஹீன் 2004இல் 7 நிமிடம் 53.63 விநாடியில் உலக சாதனை வைத்தார். அவருடைய பழைய பெயர் ஸ்டீஃபன் செரோனோ.

ஆனால் இது ஒலிம்பிக்குக்காகச் செய்யும் வேலை. ஆறு நாட்டுப் போட்டிக்காக யாரும் கோடி செலவழித்து ஆள் பிடிக்க மாட்டார்கள். சொல்லப்போனால் மண்ணின் பிள்ளைகள் முன்னால் வருவது இங்கேதான். துப்பாக்கி சுடுதல், குதிரையேற்றம், ஹேண்ட்பால் எல்லாம் பாருங்கள். ஏதென்ஸில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கிய அஹ்மத் அல் மக்தூம் துபாய் அரச குடும்பம். கத்தாரின் நாசர் அல் அத்தியா டக்கார் ராலியும் ஜெயிப்பார், லண்டனில் ஸ்கீட் துப்பாக்கி சுடுதலில் வெண்கலமும் வாங்குவார். பணக்கார விளையாட்டு என்று வேண்டுமானால் சொல்லுங்கள், வாங்கிய வீரர் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. யாவி பதினைந்து வயதில் பஹ்ரைனுக்கு வந்தவர். பர்ஷிமின் அப்பா சூடானிலிருந்து வந்தவர், பர்ஷிம் பிறந்தது தோஹாவில். கோடு எங்கே போடுவீர்கள்? நீங்களும் நானும் அங்கே முப்பது வருடம் வேலை பார்த்தாலும் இக்காமாதான் (வசிப்பிட அனுமதி), குடியுரிமை இல்லை. நம் பிள்ளை அங்கேயே பிறந்து நன்றாக ஓடினாலும் அந்த நாட்டுச் சட்டை கிடைப்பது கஷ்டம். கேள்வி கேட்க வேண்டுமானால் அந்தப் பக்கம் கேளுங்கள்.

---

டீக்கடைபெஞ்ச் எழுதியது:

அண்ணே, கடைசி வரி கொஞ்சம் வலிக்கிறது. என் பையன் ஷார்ஜாவில் பள்ளி மட்டத்தில் நீச்சல்.

---

வடமராட்சி எழுதியது:

பஸ்ராவைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை?

2023 ஜனவரி. 1979க்குப் பிறகு ஈராக்கிலே முதல் தடவை வளைகுடா கோப்பை. அதுக்கு முன்னாலே 2013 கோப்பை பஸ்ராவுக்கு எண்டுதான் இருந்தது, பஹ்ரைனுக்கு மாத்திப்போட்டினம். பிறகு 2014உம் அப்பிடியே ரியாதுக்குப் போச்சு. பஸ்ரா சனம் பத்து வருசம் காத்திருந்தது. அறுபத்தையாயிரம் பேர் இருக்கக்கூடிய மைதானம், பேரீச்சமரத் தண்டு மாதிரி வெளிச்சுவர்.

வந்த குவைத்காரர், ஓமன்காரர் எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டிருக்கினம். 1990இலே என்ன நடந்தது எண்டு நினைச்சுப் பாருங்கோ. தொடக்க நாளிலே நெரிசலிலே குவைத் தூதுக்குழு உள்ளே வர ஏலாமல் திரும்பிப் போனது. இறுதி ஆட்டத்தன்று வாசலிலே நெரிசல், உயிரும் போனது. அதையும் சொல்லத்தானே வேணும். ஆனால் ஓமனை 3–2 எண்டு கூடுதல் நேரத்திலே வெண்டபோது, காசில்லாமலே பாதைக்கு வந்து ஆடினது முழு நகரமும்.

---

மேப்பைத்தியம் எழுதியது:

அந்தப் போட்டியின் பெயருக்கே சண்டை வந்தது தெரியுமா? "அரபு வளைகுடா கோப்பை" என்றதும் ஈரான் கண்டனம் தெரிவித்தது, அவர்களுக்கு அது பாரசீக வளைகுடா. 2010இல் தெஹ்ரானில் நடக்க வேண்டிய இஸ்லாமிய ஒற்றுமை விளையாட்டுப் போட்டிகள் இதே பெயர்த் தகராறில் ரத்தானது. ஒற்றுமை என்று பெயர் வைத்து!

---

குவைத்குருவி எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. ரோஜா அக்காவுக்கும் ஸ்பைக் அண்ணனுக்கும் நன்றி. கேலியாக ஆரம்பித்தேன், கொஞ்சம் பின்வாங்குகிறேன். ஆனால் முழுதாக இல்லை. விளையாட்டு வீரன் அரசியலுக்குப் பலியாவதை இங்கேயே பார்த்தேன்.

2015 அக்டோபரில் அரசுத் தலையீடு என்று சொல்லி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி குவைத்தைத் தடை செய்தது. ரியோவுக்குக் குவைத் கொடியோடு யாரும் போக முடியவில்லை. ஃபுஹைத் அல் தைஹானி டபுள் டிராப் துப்பாக்கி சுடுதலில் தங்கமே வாங்கினார், ஆனால் ஏறியது ஒலிம்பிக் கொடி. தொடக்க விழாவில் அந்தக் கொடியைத் தூக்கச் சொன்னபோது நான் ராணுவத்தான், குவைத் கொடியை மட்டும்தான் தூக்குவேன் என்று மறுத்தவர் அவர். எங்கள் அலுவலகத்தில் அன்று இனிப்பும் வந்தது, ஆனால் யாரும் சத்தமாகப் பேசவில்லை. 2022இல் சொந்த ஊரில், சொந்தக் கொடி, சொந்த கீதம் என்றதும் அவர்கள் ஏன் அப்படிக் குதித்தார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று எங்கள் மேலாளரிடம் பேச்சுக் கொடுத்தேன். குவைத்திதான். ஜிசிசி கேம்ஸ் என்றதும் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். நீல டிராக் சூட்டில் அவர் மகன், தலை ஈரம் காயவில்லை. நீச்சலில் நான்காவது என்றார், முகமெல்லாம் சிரிப்பு.

எத்தனை பேரில் நான்காவது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

---

டீக்கடைபெஞ்ச் எழுதியது:

கேட்காமல் விட்டது நல்லது. அப்ரைசல் எப்போது?